பழைய செயின்சாவும் எண்ணெயும்: ஒரு சொட்டின் வரலாறு

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னைகளை அடியோடு வீழ்த்தியபோதும் தெருத்தெருவாகக் கேட்ட சத்தம் ஒன்று உண்டு. செயின்சா! பவர் சா என்றும், மரம் அறுக்கிற மிஷின் என்றும் ஆளுக்கொரு பெயரில் அழைக்கப்படும் அந்த இயந்திரத்தின் இரைச்சலும் புகையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் இரண்டு டேங்க் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒன்று பெட்ரோலுக்கு, மற்றொன்று எண்ணெய்க்கு. இந்த எண்ணெய் எஞ்சினுக்குள் போவதே இல்லை (எஞ்சினுக்கு வேண்டிய 2டி ஆயில் பெட்ரோலிலேயே கலந்திருக்கும்). சுற்றி ஓடும் செயினுக்கு மட்டும்தான் போகிறது.

பழைய செயின்சா வைத்திருப்பவர்களின் முதல் புகார் பெரும்பாலும் இதுதான்: "ஆயில் வரல." பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதுப் பம்ப் மாட்டுவார்கள். அப்போதும் வராது! ஏனென்றால் எல்லா ரம்பத்திலும் எண்ணெய் ஒரே வழியில் வருவதில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் எண்ணெயைத் தள்ளும் வேலை பெருவிரலிலிருந்து எஞ்சினின் மூச்சுக்கும், மூச்சிலிருந்து பல்சக்கரத்துக்கும் கை மாறி வந்திருக்கிறது. கையில் இருக்கும் ரம்பம் எந்தக் காலத்துப் பிள்ளை என்று தெரிந்துவிட்டால், கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில் பாதி தெரிந்த மாதிரி.

எதற்கு இவ்வளவு எண்ணெய்?

சைக்கிள் செயினுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டால் போதும். செயின்சாவுக்கு நொடிக்கு நொடி வேண்டும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

சைக்கிள் செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே காற்றில் தொங்கியபடி ஓடுகிறது. செயின்சாவின் செயின் அப்படியல்ல. "பார்" என்று அழைக்கப்படும் நீண்ட இரும்புத் தகட்டின் விளிம்பில் ஒரு காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிக்குள் செயினின் கீழ்ப்பற்கள் இறங்கி, இரும்போடு இரும்பு உராய்ந்து, வழுக்கிக்கொண்டே ஓட வேண்டும். நடுவில் பேரிங் எதுவும் கிடையாது. 16 அங்குல பாரில் ஏறக்குறைய 55 முதல் 66 கீழ்ப்பற்கள் இருக்கும். காடியின் அகலமோ 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்ற அளவில்தான். முழு வேகத்தில் செயின் விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் அதிகம்!

இந்த வேகத்தில் போட்ட எண்ணெய் அங்கேயே தங்குமா? தங்காது. மரத்தூளோடு சேர்ந்து வெளியே பறந்துவிடும். போன எண்ணெய் திரும்பி வராது என்பதால் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். நடுத்தர ரம்பம் ஒன்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு டீஸ்பூன் போதுமானது. அந்த இரண்டு ஸ்பூன் நின்றுபோனால் முதலில் செயின் சூடேறி நீளும், தொளதொளக்கும். பாரின் விளிம்பு நீலம் பாய்ந்து, ஓரத்தில் பிசிறு தட்டும். தொளதொளத்த செயின் காடியை விட்டு எகிறிக் குதிக்கலாம். எகிறும் இடத்தில் மனிதனின் கையோ தொடையோ இருக்கலாம். ஆக "ஆயில் வரல" என்பது மிஷினின் பிரச்சினை மட்டுமல்ல.

மருத்துவர் கையில் பிறந்த செயின்

இணையத்தில் அடிக்கடி சுற்றிவரும் ஒரு செய்தி: "செயின்சா பிரசவத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது!" இது பாதி உண்மை. 1780களில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரி என்ற இரு மருத்துவர்கள் பல் வைத்த வளையும் சங்கிலி ஒன்றை அறுவைக்குப் பயன்படுத்தினார்கள். கடினமான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பைப் பிரிக்கவும், நோயுற்ற எலும்பை அகற்றவும் அது உதவியது. ஆனால் அதற்கு மோட்டாரும் இல்லை, பாரும் இல்லை. இரு முனையிலும் பிடி வைத்து, கையால் இழுக்கும் சங்கிலி, அவ்வளவே. 1830ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஹார்டு ஹைனே என்பவர், தகட்டைச் சுற்றி ஓடும் பல் சங்கிலியைக் கைப்பிடியால் சுழற்றும் எலும்பு வெட்டும் கருவியைச் செய்தார். இன்றைய செயின்சாவின் உருவம் முதன்முதலில் தெரிவது அதில்தான்.

கை வேகத்தில் ஓடிய அந்தச் சங்கிலிகளுக்கு ஓயாத எண்ணெய் தேவைப்படவில்லை. எண்ணெய்ப் பிரச்சினை மோட்டாரோடு பிறந்தது.

இருவர் தூக்கிய ரம்பம்

1926ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் (இது இரும்பு ஸ்டீல் இல்லை, குடும்பப் பெயர்) ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மின்சாரத்தால் ஓடும் மர ரம்பம் ஒன்றைத் தயாரித்தார். எடை 64 கிலோ! இருவர் தூக்க வேண்டும். 1927ல் எமில் லெர்ப் என்பவர் துரிங்கியா பகுதியில் உள்ள டோல்மார் என்ற மலையில் பெட்ரோல் ரம்பம் ஒன்றைச் சோதித்தார். அது 58 கிலோ. அந்த மலையின் பெயரையே தன் கம்பெனிக்கும் வைத்துவிட்டார். 1929ல் ஸ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோவில் வந்தது.

அந்தக் காலத்து ரம்பங்களில் எஞ்சினுக்கும் செயினுக்கும் நடுவே கியர் இருந்தது. வேகம் குறைத்து, இழுவை கூட்டித்தான் செயினுக்கு அனுப்பினார்கள். எடையும் ஆட்களும் அதிகம், செயின் வேகம் குறைவு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லாம் மாறியது. எடை குறைந்த உலோகக் கலவைகள் வந்தன. 1949ல் அமெரிக்காவின் மெக்கல்லாக் கம்பெனி 25 பவுண்டு (சுமார் 11 கிலோ) எடையில் ஒரே ஆள் தூக்கும் ரம்பத்தை விற்றது. 1950ல் ஸ்டீலின் ஒரு ஆள் ரம்பம் 16 கிலோவில் வந்தது. செயினும் மாறியது. 1946ல் ஒரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோ காக்ஸ், மரத்தைக் குடைந்து தின்னும் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமும் மாறி மாறிக் கடிப்பதைக் கவனித்து, அதே முறையில் கடிக்கும் பல் வைத்த செயினை வடிவமைத்தார். 1947ல் போர்ட்லாந்தில் அதற்கென்றே கம்பெனி தொடங்கினார். புழு சொல்லிக் கொடுத்த பாடம்! இன்றைய செயின்கள் பெரும்பாலும் அந்தப் பரம்பரையில் வந்தவையே.

பெருவிரல் காலம்

ஒரே ஆள் தூக்கும் ரம்பம் வந்தவுடன் எண்ணெய் விடும் வேலையும் அந்த ஒரே ஆளின் தலையில் விழுந்தது. சரியாகச் சொன்னால், பெருவிரலில் விழுந்தது.

பின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு தண்டு இறங்கி, டேங்கிலிருந்து வந்த எண்ணெயை பாருக்குத் தள்ளும். விட்டால் ஸ்பிரிங் தண்டை மேலே இழுக்கும், அடுத்த வாய் எண்ணெய் உள்ளே வரும். எண்ணெய் வந்த வழியே திரும்பாமல் இருக்க ஒரு சிறு குண்டு வால்வு. கிராமத்து அடிபம்பின் தத்துவம்தான், அளவு மட்டும் பெருவிரல் அளவு.

1963ல் வந்து அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு புகழ்பெற்ற ஹோம்லைட் எக்ஸ்எல்-12 போன்ற ரம்பங்களில் இந்தப் பொத்தானைப் பார்க்கலாம். அறுக்கும்போது சில நொடிக்கு ஒருமுறை அழுத்த வேண்டும். கேட்க எளிது. அதிரும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, மரம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துக்கொண்டு, நாள் முழுக்க அழுத்துவது எளிதா? களைத்த விரல் மறந்துவிடும். அந்தக் காலத்து பார்கள் பல கருகியதற்கு இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. இன்னொன்றும் உண்டு: பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பெருவிரல் பிடியை விட்டு விலகுகிறது. ரம்பம் திடீரென எதிர்த்து உதைக்கும் கணத்தில் பிடி தளர்ந்திருப்பது ஆபத்து.

இந்த வகை ரம்பத்தில் எண்ணெய் வரவில்லை என்றால் விரலே சோதனைக் கருவி. பொத்தான் எந்தத் தடையும் இல்லாமல் தொளதொளவென்று இறங்குகிறதா? டேங்க் காலி, அல்லது எண்ணெய் உறிஞ்சும் குழாய் விரிசல் விட்டுக் காற்று இழுக்கிறது, அல்லது குண்டு வால்வு அழுக்கில் சிக்கித் திறந்தே நிற்கிறது. கல் போல் இறங்க மறுக்கிறதா? பாருக்குப் போகும் வழி அடைத்திருக்கிறது. பொத்தானைச் சுற்றி எண்ணெய் கசிகிறதா? தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம் காய்ந்துவிட்டது. ஐம்பது அறுபது வருட ரப்பர் காயாமல் என்ன செய்யும்! பம்ப் என்று தனியாக வாங்கிப் போடுவதற்கு முன் அந்த வளையத்தை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

எஞ்சினின் மூச்சு

1959ல் ஸ்டீல் கம்பெனி கான்ட்ரா என்ற ரம்பத்தை வெளியிட்டது. 12 கிலோ எடை, 6 குதிரைத்திறன், நடுவில் கியர் கிடையாது. அமெரிக்காவிலும் அதே 1950களில் கியர் இல்லாத ரம்பங்கள் வந்துவிட்டன. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதே வேகத்தில் செயின் சக்கரமும் சுற்றியது. எடை குறைந்தது, வேகம் கூடியது, சூடும் கூடவே வந்தது. அந்த வேகத்துக்குப் பெருவிரல் ஈடுகொடுக்க முடியாது என்பதால் தானாக எண்ணெய் விடும் ஏற்பாடு பரவியது. கொஞ்ச காலம் இரண்டையுமே வைத்தார்கள். தானாகவும் வரும், அவசரத்துக்குப் பொத்தானும் இருக்கும்.

தானாக எப்படி? இங்கேதான் பொறியாளர்கள் ஒரு சிக்கனமான வழியைப் பிடித்தார்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே போகும்போது அடியில் உள்ள கிராங்க்கேஸ் அறையில் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகும். கீழே வரும்போது தள்ளும் அழுத்தம் உண்டாகும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை எஞ்சின் இப்படி மூச்சு விடுகிறது. அந்த மூச்சைக் கொஞ்சம் திருடி எண்ணெயைத் தள்ளினால்? தனியாகப் பல்சக்கரம் வேண்டாம், செலவும் மிச்சம்.

இதில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவில், மூச்சு ஒரு சவ்வையோ சிறு பிஸ்டனையோ முன்னும் பின்னும் ஆட்டும், அது பம்பாக வேலை செய்யும். சவ்வு கிழிந்தாலோ விறைத்தாலோ எண்ணெய் நிற்கும். இது எளிதில் புரியக்கூடியது.

இன்னொரு பிரிவுதான் ஆட்களைக் குழப்புவது. அதில் பம்பே கிடையாது! கிராங்க்கேஸின் தள்ளும் அழுத்தம் மட்டும் ஒரு சிறிய ரப்பர் வால்வு (வாத்தின் அலகு போல இருக்கும்) வழியாக எண்ணெய் டேங்குக்குள் நுழையும். திரும்பிப் போக முடியாது. டேங்க் முழுக்க அழுத்தம் ஏறி, எண்ணெய் தானாக பாருக்குப் பிதுங்கி வரும். ஹோம்லைட்டின் சில சிறிய வீட்டு ரம்பங்கள் இந்த முறையில் ஓடின.

இப்போது கவனியுங்கள். இந்த ரம்பத்தில் டேங்க் மூடி காற்றுப் புகாமல் இறுக மூடியிருக்க வேண்டும். மூடியின் வாஷர் காய்ந்து லேசாகக் காற்று கசிந்தாலும் அழுத்தம் ஏறாது, எண்ணெய் வராது. ஆனால் அடுத்து வரப்போகும் பல்சக்கர பம்ப் ரம்பங்களில் நிலைமை நேர் எதிர்! அங்கே எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று டேங்குக்குள் வர வேண்டும். அதற்கென்று ஒரு காற்றுத் துளை இருக்கும். அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் எண்ணெய் வராது. ஸ்ட்ரா போட்ட ஜூஸ் பாட்டிலின் வாயை இறுக மூடிக்கொண்டு உறிஞ்சுவது போல.

நோய் ஒன்று, காரணம் நேர் எதிர். ஒன்றில் மூடி கசிவதால் வரவில்லை, மற்றதில் காற்று புகாததால் வரவில்லை. மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் (டேங்க் பாதிதான் நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் கால் சட்டை முழுக்க எண்ணெய்). தளர்த்தியதும் எண்ணெய் வர ஆரம்பித்தால் காற்றுத் துளை அடைப்பு. வந்துகொண்டிருந்த எண்ணெய் தளர்த்தியதும் நின்றால் அது அழுத்த டேங்க் வகை. ஒரு வகையைப் பழுது பார்த்த அனுபவத்தை அப்படியே இன்னொரு வகையில் காட்டுபவர்தான் நல்ல மூடியில் ஓட்டை போட்டு ரம்பத்தைக் கெடுத்துவிடுகிறார்.

அந்த வாத்து அலகு வால்வுக்கு வயதாகி விறைத்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். அழுத்தம் போன வழியே எண்ணெய் திரும்பி கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ரம்பம் வழக்கத்துக்கு மாறாக வெள்ளையும் நீலமுமாகப் புகை கக்கும், பிளக் நனையும். பார்ப்பவர் கார்புரேட்டரைக் கழற்றுவார்! டேங்கில் ஆயில் குறைகிறது, பாருக்கும் வரவில்லை, புகை மட்டும் அதிகம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஐந்து விரலில் அடங்கும் அந்த ரப்பர் துண்டைத்தான். எஞ்சினை நிறுத்திய பிறகும் டேங்கில் மிச்ச அழுத்தம் இருக்கும் என்பதால், இவ்வகை ரம்பங்கள் வைத்த இடத்தில் குளம் கட்டுவதும் உண்டு. வேலை முடிந்ததும் மூடியை ஒருமுறை திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு மூடினால் தரை தப்பிக்கும்.

பல்சக்கரம் வந்தது

மூச்சு முறையில் ஒரு குறை: எஞ்சினின் ரப்பரும் சீலும் பழசானால் எண்ணெயும் குறையும். அதனால் தொழில்முறை ரம்பங்கள் பல்சக்கர பம்புக்குப் போயின. சுழலும் தண்டில் திருகு போன்ற ஒரு வார்ம் கியர். அது குறுக்கே படுத்திருக்கும் ஒரு சிறு உருளையைச் சுற்றும். உருளை சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் அசையும்படி காடி வெட்டியிருப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொட்டு உறிஞ்சி ஒரு சொட்டு தள்ளும். பல மாடல்களில் அடிப்பக்கம் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் உருளையின் அசைவு கூடும், குறையும். எண்ணெய் அளவும் அதற்கேற்ப மாறும்.

இதில் ஒரு நுணுக்கம். சில ரம்பங்களில் வார்ம் கியர் நேராக கிராங்க் தண்டில் இருக்கும். எஞ்சின் சும்மா ஓடினாலும் எண்ணெய் வரும். வேறு சிலவற்றில் அது கிளட்ச் டிரம்மோடு இணைந்திருக்கும். செயின் சுற்றினால்தான் எண்ணெய் வரும். இரண்டாவது வகையை ஐட்லிங்கில் வைத்துப் பார்த்துவிட்டு "பம்ப் போச்சு" என்று சொன்னால், போனது பம்ப் அல்ல.

டிரம்மோடு இணைந்த வகையில் வார்ம் கியரிலிருந்து ஒரு கம்பிக் கை நீண்டு, டிரம்மில் உள்ள சிறு வெட்டில் உட்காரும். செயின் சக்கரம் மாற்றும்போது அந்தக் கம்பியை வெட்டுக்குள் பொருத்தாமல் டிரம்மை அழுத்தி மாட்டினால் கம்பி வளைந்துவிடும். டிரம் சுற்றும், கியர் சுற்றாது. "சர்வீஸுக்குக் கொடுக்கும் வரை ஆயில் வந்தது, கொடுத்த பிறகுதான் நின்றது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்தக் கம்பிதான் இருக்கும். பிளாஸ்டிக் கியர் உள்ள மாடல்களில் பற்கள் மழுங்கிப்போவதும் உண்டு. உலர்ந்த செயினின் சூடு டிரம் வழியாக ஏறி பிளாஸ்டிக்கை உருக்கும். அதாவது வேறு எங்கோ இருந்த அடைப்பு கடைசியில் கியரையும் தின்றுவிடும். உருகிய கியரை மட்டும் மாற்றி அடைப்பை விட்டுவிட்டால் புதுக் கியரும் அதே வழியில் போகும்.

ஆகையால் எந்தக் காலத்து ரம்பமாக இருந்தாலும் பார்க்கும் வரிசை வெளியிலிருந்து உள்ளே போவதுதான் நல்லது. எஞ்சினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டு பாரைக் கழற்றினால், பாரும் எஞ்சினும் சேரும் இடத்தில் மரத்தூளும் எண்ணெயும் கலந்து களிமண் போல அப்பியிருக்கும் (தென்னை, பனை அறுத்தால் நார் நாராக). பாரின் பக்கவாட்டில் உள்ள சிறு எண்ணெய்த் துளையும் அதில் அடைபட்டிருக்கும். ஒரு கம்பியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். காடியையும் நீளம் முழுக்கச் சுரண்ட வேண்டும். வேறு கம்பெனி பார் மாட்டியிருந்தால் அதன் துளை ரம்பத்தின் எண்ணெய் வாய்க்கு நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நேராக இல்லையென்றால் எண்ணெய் பாருக்குள் போகாமல் வெளியே வழியும். பாரைக் கழற்றிய நிலையில் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்து (சுழலும் கிளட்ச் பக்கம் கை போகவே கூடாது), எண்ணெய் வாயில் தாராளமாக வந்தால் குற்றவாளி பார்தான். அங்கேயும் வரவில்லை என்றால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், குழாய், காற்றுத் துளை. இவையெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மட்டுமே பம்பைத் தொட வேண்டும்.

எல்லாம் மாட்டிய பின் பழைய சோதனை ஒன்று உண்டு. பாரின் முனையை ஒரு வெளிறிய பலகைக்கோ அட்டைக்கோ மேலே ஒரு சாண் தூரத்தில் பிடித்து எஞ்சினை முறுக்கினால், பலகையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழும். விழாவிட்டால் வேலை முடியவில்லை. இன்னொரு கணக்கு, பெட்ரோல் டேங்க் காலியாகும்போது எண்ணெய் டேங்கும் ஏறக்குறைய காலியாகியிருக்க வேண்டும். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் செயின் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

எண்ணெயே குற்றவாளி

இதுவரை பார்த்ததெல்லாம் எண்ணெய் போகும் வழி. எண்ணெய்க்கும் ஒரு வரலாறு உண்டு, அதுதான் விசித்திரமானது.

பழைய கையேடுகள் பலவும் சாதாரண எஞ்சின் ஆயிலையே சொல்லின. வெயில் காலத்துக்குக் கெட்டியான 30 எண் எண்ணெய், குளிர் காலத்துக்கு மெல்லிய 10 எண். குளிரில் கெட்டி எண்ணெய் ஊற்றினால் பம்ப் இழுக்காது என்பதும் "ஆயில் வரல" புகாருக்கு ஒரு காரணம். பிறகு செயினுக்கென்றே தனி எண்ணெய் வந்தது. அதில் பிசுபிசுப்பு தரும் பாலிமர் சேர்த்திருப்பார்கள். விரலில் தொட்டு இழுத்தால் நூல் போல வரும். பாரின் முனையில் செயின் திரும்பும்போது எண்ணெய் தெறித்துப் போகாமல் ஒட்டிக்கொள்ள வேண்டுமே, அதற்காக.

ஆனால் நடைமுறையில் பலரும் ஊற்றியது கழிவு எண்ணெய்! லாரியிலோ டிராக்டரிலோ வடித்த கறுப்பு ஆயில். இலவசம் என்பது அதன் ஒரே தகுதி. அதில் இரும்புத் துகள் இருக்கும், அது பம்பை அரைக்கும். நச்சுப் பொருள்களும் இருக்கும். அவை புகை போலத் தெறித்து அறுப்பவர் மூக்கிலும் தோலிலும் படியும். பணம் மிச்சம் பிடிப்பது மிஷின் சொந்தக்காரர், மூச்சு விடுவது கூலிக்கு அறுப்பவர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நல்ல எண்ணெயே ஊற்றினாலும் அத்தனையும் காட்டு மண்ணில்தான் போய்ச் சேருகிறது. ஒரு ஆள், ஒரு நாள் என்று பார்த்தால் சில லிட்டர். ஒரு நாட்டின் காடுகள் முழுவதும், ஆண்டு முழுவதும் என்று பார்த்தால்? 1980களில் ஐரோப்பாவில் இந்தக் கேள்வி வலுத்தது. ஜெர்மனியின் ப்ளூ ஏஞ்சல் என்ற சுற்றுச்சூழல் முத்திரை 1988ல் மண்ணில் மட்கும் செயின் எண்ணெய்களுக்கும் வழங்கப்படத் தொடங்கியது. ஆஸ்திரியா ஒரு படி மேலே போய், எளிதில் மட்காத செயின் எண்ணெய்களை 1992 முதல் தடை செய்தது. கடுகுக்குப் பங்காளியான ரேப்சீட் செடியின் எண்ணெய் பெட்ரோலிய எண்ணெயின் இடத்துக்கு வந்தது. காட்டுக்கு நல்லது, வழுவழுப்பும் அதிகம்.

ஆனால் தாவர எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. காற்று பட்டு நாளானால் இறுகும். வீட்டில் விளக்கைத் துடைக்காமல் விட்டால் சிக்குப் பிடிக்கிறதே, அதேதான். தினமும் ஓடும் ரம்பத்தில் இந்தப் பிரச்சினை தெரியாது. சீசனுக்கு இரண்டு வாரம் அறுத்துவிட்டு மீதி மாதங்கள் மூலையில் போட்ட ரம்பத்தில் சிக்கு முழுவதும் பம்பிலும் குழாயிலும் செயின் கண்ணிகளிலும் ஏறிவிடும். அடுத்த சீசனில் கயிற்றை இழுத்தால் எஞ்சின் ஓடும், எண்ணெய் வராது. சில நேரம் செயினே விறைத்துக்கொண்டு நகராது. கழிவு எண்ணெயின் இரும்புத் துகளிலிருந்து தப்பிய பம்ப், மண்ணைக் காப்பாற்ற வந்த எண்ணெயின் சிக்கில் மாட்டிக்கொண்டது!

இதற்காக மட்கும் எண்ணெயைக் குறை சொல்லித் தூக்கி எறிவது சரியல்ல. மூட்டை கட்டும் முன் டேங்கை வடித்து, பெட்ரோலிய செயின் எண்ணெய் கொஞ்சம் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டிவிட்டு வைத்தால் சிக்கு பிடிக்காது. ஏற்கெனவே பிடித்துவிட்டதா? டேங்கில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறவைத்து, குலுக்கி, வடித்து, மறுபடியும் ஊற்ற வேண்டும். செயினைத் தனியாகக் கழற்றி ஊறப்போட வேண்டும். பம்பைக் கழற்றினால் உருளையைத் துடைத்து, கையால் சுற்றிப் பார்க்கலாம். சிக்கு கரைந்த பம்ப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது பேட்டரியில் ஓடும் செயின்சாக்கள் கடைகளில் நிறைய வந்துவிட்டன. அவற்றில் பெட்ரோல் டேங்க் இல்லை, கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, கிராங்க்கேஸின் மூச்சும் இல்லை. எண்ணெய் டேங்க் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சிறு பம்பும், பாரில் ஒரு சிறு துளையும், அந்தத் துளையை அடைக்கும் மரத்தூளும் கூடவே இருக்கின்றன.